ரிச்சர்டு பிரைட்: சிறுநீரக நோயை நோயாளியின் படுக்கையருகே கண்டறிந்த மருத்துவர்

நீங்களோ உங்கள் குடும்பத்தினர் ஒருவரோ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும்போது, பெரும்பாலும் முதல் நாளிலேயே செவிலியர் ஒரு சிறிய குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் மாதிரி கேட்பார். நீங்கள் வந்தது மூச்சுத்திணறலுக்காக இருக்கலாம். கால் வீக்கத்திற்காக இருக்கலாம். சிறுநீர் கழிப்பதில் எவ்விதத் தொல்லையும் இல்லாமலும் இருக்கலாம். அவ்வாறிருக்க இந்தப் பரிசோதனை எதற்கு என்னும் ஐயம் பலருக்கும் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கான விடை, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரில் பணியாற்றிய ஒரு மருத்துவரின் வாழ்க்கையில் அடங்கியுள்ளது. அவர் பெயர் ரிச்சர்டு பிரைட். அவருடைய வரலாற்றை அறிந்துகொண்டால், உங்கள் பரிசோதனை அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் அங்கு இடம்பெற்றுள்ளது என்பது உங்களுக்கு எளிதில் விளங்கும்.

இளமையும் கல்வியும்

ரிச்சர்டு பிரைட் 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தையார் வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் செல்வம் ஈட்டியவர். 1808இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிரைட், பின்னர் மருத்துவக் கல்வியை மேற்கொண்டார். 1810இல் ஐஸ்லாந்து தீவுக்குச் சென்ற ஓர் ஆய்வுக் குழுவில் இடம்பெற்று, அங்குள்ள செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அதன்பின் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தங்கிப் பயின்று, 1813இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பயணம் செய்தார். வியன்னா நகரிலிருந்து ஹங்கேரி வழியாகச் சென்ற பயணத்தைப் பற்றி 1818இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்; அதில் அவரே வரைந்த படங்களும் இடம்பெற்றன. கண்ணால் கண்டதை அப்படியே குறித்துவைக்கும் இந்தப் பழக்கம், பிற்காலத்தில் நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளிலும் தொடர்ந்தது. லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், தாம் மருத்துவம் பார்த்த காய்ச்சலுக்குத் தாமே ஆளாகிப் பின் மீண்டார்.

1820இல் கைஸ் மருத்துவமனையில் துணை மருத்துவராகவும், 1824இல் முழுநேரப் பொறுப்புடைய மருத்துவராகவும் நியமிக்கப்பட்டார். 1822இல் மார்த்தா பாபிங்டன் என்பவரை மணந்தார். மறு ஆண்டே, ஆண் குழந்தை பிறந்த சிறிது காலத்தில், அவ்வம்மையார் இறந்துபோனார். பின்னர் 1826இல் எலைசா ஃபாலட் என்பவரை மணந்துகொண்டார். துயரம் நிறைந்த அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான், அவருடைய பெயரை நிலைநிறுத்திய பணி கைஸ் மருத்துவமனையின் நோயாளர் கூடங்களில் உருவாகி வந்தது.

வீக்கத்தின் காரணத்தைத் தேடி

அக்காலத்தில் முகம், கால், வயிறு ஆகியன வீங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் மிகுதி. உடலில் நீர் கோத்துள்ளது என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட நோயின் பெயர். நீர் ஏன் கோக்கிறது, எந்த உறுப்பு பழுதுபட்டுள்ளது என்பது உறுதியாகத் தெரியாது. இதய நோயாளியும், கல்லீரல் நோயாளியும், சிறுநீரக நோயாளியும் ஒரே பெயரின்கீழ் ஒரே வகையான மருத்துவத்தைப் பெற்றனர்.

பிரைட் நாள்தோறும் பல மணி நேரத்தை நோயாளிகளின் படுக்கையருகிலும், இறந்தோரின் உடலை ஆய்வு செய்யும் அறையிலும் செலவிட்டார். வீக்கத்துடன் வந்தவர்களின் சிறுநீரில் சிறிதளவை ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவத்திச் சுடரின்மேல் பிடித்துச் சூடாக்கினார். சிலரின் சிறுநீர் தெளிவாகவே இருந்தது. வேறு சிலரின் சிறுநீரில், முட்டையின் வெண்கரு வெந்து இறுகுவதைப் போல வெண்மையான திரள்கள் தோன்றின. இரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிந்திருப்பதே அதற்குக் காரணம்.

சிறுநீர் இவ்வாறு திரள்வதை முதன்முதலில் கண்டவர் பிரைட் அல்லர். நேப்பிள்ஸ் நகரின் கோட்டுனியோ தாம் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்திருந்தார். இங்கிலாந்தில் வெல்ஸ், பிளாக்கால் ஆகிய மருத்துவர்களும் 1812, 1813ஆம் ஆண்டுகளில் இதுபற்றி எழுதியிருந்தனர். பிரைட் செய்தது, தனித்தனியே கிடந்த மூன்று செய்திகளை ஒன்றாக இணைத்ததாகும். உடல் வீங்கியிருந்தவர், சிறுநீரில் அல்புமின் காணப்பட்டவர், இறந்தபின் சிறுநீரகம் சிதைந்திருந்தவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பதை, ஒவ்வொரு நோயாளியையும் சேர்க்கை நாள் முதல் இறுதிவரை தொடர்ந்து கவனித்து அவர் நிறுவினார். 1827இல் வெளிவந்த அவருடைய நோயாளர் அறிக்கைகளின் முதல் தொகுதி, சிதைந்த சிறுநீரகங்களின் வண்ணப் படங்களுடன் இதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தது. அடுத்த தொகுதி 1831இல் வெளிவந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்நோய் பிரைட் நோய் என்றே அழைக்கப்பட்டது.

இது உங்களுக்கு உணர்த்துவது என்ன? கால் வீக்கம் ஓர் அறிகுறி மட்டுமே, அதுவே நோயன்று. இதயம் தளர்ந்தாலும் கால் வீங்கும். கல்லீரல் கெட்டாலும் வயிற்றில் நீர் கோக்கும். சிறுநீரகம் பழுதுபட்டாலும் முகமும் காலும் வீங்கும். எந்த உறுப்பு காரணம் என்பதைப் பிரித்தறியும் முதற்படி சிறுநீர்ப் பரிசோதனை. ஆகவேதான், சிறுநீரில் தொல்லை இல்லாதபோதும் உங்களிடம் மாதிரி கேட்கப்படுகிறது.

கரண்டியின் இடத்தில் இன்று இருப்பவை

சிறுநீரைச் சூடாக்கும் முறைக்குக் குறைகள் உண்டு. பாஸ்பேட் உப்புகள் மிகுந்த சிறுநீரும் சூடாகும்போது கலங்கும். அதில் சில துளி அமிலம் விட்டால் உப்பு கரைந்துவிடும், அல்புமின் கரையாது. பிற்கால மருத்துவர்கள் இவ்வாறு சோதித்து வந்தனர். இன்று நிறம் மாறும் தாள் பட்டை ஒன்றைச் சிறுநீரில் தோய்த்தாலே சில நொடிகளில் புரதம், இரத்தம், சர்க்கரை ஆகியவற்றின் இருப்பு தெரிந்துவிடும். இதனை வீட்டில் சூடாக்கிப் பார்க்க முற்பட வேண்டா. அதற்குத் தேவையும் இல்லை.

தாள் பட்டையில் தென்படாத மிகச் சிறிய அளவிலான கசிவையும் இன்று அளவிட முடியும். சிறுநீரில் உள்ள அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் பரிசோதனை அது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அல்புமின் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் கசிவு தொடங்கியுள்ளது என்றும், 300க்கு மேல் இருந்தால் கசிவு கடுமையாக உள்ளது என்றும் பொருள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றாலும் தற்காலிகமாகப் புரதம் வெளியேறலாம் என்பதால், ஒரே ஒரு முடிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் மீண்டும் பரிசோதிக்கச் சொன்னால், அதற்கான காரணம் இதுவே.

இரத்தம் சொன்ன செய்தி

சிறுநீரை மட்டும் ஆராய்ந்தால் போதாது என்பதைப் பிரைட் உணர்ந்திருந்தார். ஜான் பாஸ்டாக் என்னும் வேதியியல் அறிஞர் அவருடைய நோயாளிகளின் சிறுநீரையும் இரத்தத்தையும் ஆய்ந்து கொடுத்தார். நோயாளிகளின் சிறுநீரில் யூரியா குறைந்திருந்தது. வெளியேற வேண்டிய அப்பொருள் இரத்தத்தில் தேங்கியிருந்தது. விலங்குகளின் சிறுநீரகங்களை அகற்றினால் இரத்தத்தில் யூரியா சேர்கிறது என்பதை ஜெனீவாவில் பிரெவோ, துய்மா ஆகிய இருவர் 1821இல் காட்டியிருந்தனர். எடின்பரோவின் ராபர்ட் கிறிஸ்டிசன் 1829இல் நோயாளிகளின் இரத்தத்தில் யூரியா மிகுந்திருப்பதை உறுதிசெய்தார்.

உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் யூரியா, கிரியேட்டினின் என்னும் இரு வரிகள் இருப்பதற்கு இதுவே வரலாற்றுக் காரணம். இவற்றுள் கிரியேட்டினின் தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. அதன் அளவுடன் உங்கள் வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை மதிப்பிடுகின்றனர். இதனை வடிகட்டும் வீதம் என்பர். இவ்வீதம் 60க்குக் கீழ் இறங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, அல்புமின் கசிவு போன்ற பாதிப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும்.

ஒன்றை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும். வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி குறையும் வரை கிரியேட்டினின் அளவு இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். குறிப்பாக முதியோரிடமும் மெலிந்தவர்களிடமும் தசை குறைவாக இருப்பதால் இந்த எண் தவறான ஆறுதலைத் தரலாம். கிரியேட்டினின் இயல்பாக உள்ளது என்பதால் மட்டும் சிறுநீரகம் நலமாக உள்ளது என்று முடிவு செய்யாமல், சிறுநீரில் அல்புமின் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நூறு நோயாளிகளும் பெருத்த இதயமும்

1836இல், சிறுநீரில் அல்புமின் கண்ட 100 நோயாளிகளின் உடல் மாற்றங்களை அட்டவணைப்படுத்திப் பிரைட் வெளியிட்டார். அவர்களுள் பலரின் இதயம் பெருத்திருந்தது. ஆனால் அவ்வாறு பெருத்தவர்கள் பலரிடம் இதயத்தின் அடைப்பிதழ்களில் குறை ஏதும் இல்லை. நோயினால் மாறிய இரத்தம் நுண்ணிய குழாய்களில் செல்லத் தடை ஏற்படுவதால் இதயம் கடுமையாக உழைக்க நேர்ந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். இரத்த அழுத்தத்தை நோயாளியிடம் அளக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. அதே கைஸ் மருத்துவமனையில் 1870களில் பணியாற்றிய ஃபிரெடரிக் முகமது, நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியின் துணையுடன், சிறுநீரில் அல்புமின் தோன்றாதவர்களிடமும் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம் எனக் காட்டினார். இவருடைய பாட்டனார் நம் நாட்டின் பாட்னா நகரிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறியவர்.

உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே நாள்தோறும் செவிலியர் அளக்கும் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பரிசோதனையின் ஒரு பகுதியே ஆகும்.

நோயாளர் கூடமும் ஆய்வகமும்

1842இல் கைஸ் மருத்துவமனை, சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகள் கொண்ட இரண்டு கூடங்களைப் பிரைட்டின் பொறுப்பில் ஒதுக்கியது. அவற்றை ஒட்டி ஓர் ஆய்வகமும், மருத்துவர்கள் கலந்தாய்வு செய்ய ஓர் அறையும் அமைந்தன. பார்லோ, ரீஸ் ஆகிய இளைய மருத்துவர்கள் அவருக்குத் துணைநின்றனர். ஒரே நோயுடையோரை ஓரிடத்தில் வைத்து, படுக்கையில் கண்டதையும் ஆய்வகத்தில் கண்டதையும் நாள்தோறும் ஒப்பிடும் இந்த ஏற்பாடு, இன்றைய சிறுநீரகவியல் பிரிவுகளுக்கு முன்னோடியாகும்.

உள்நோயாளியாக இருக்கையில் சிறுநீரின் அளவு ஒரு தாளில் குறிக்கப்படுவதையும், இரத்தம் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். வேறொரு நோய்க்காகச் சேர்க்கப்பட்டவருக்கும் சில நாட்களுக்குள் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படக்கூடும். கடும் வயிற்றுப்போக்கு, இரத்த இழப்பு, தீவிரத் தொற்று, சில வலிநிவாரணிகள், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், சிறுநீர்ப்பாதை அடைப்பு ஆகியன அதற்குரிய பொதுவான காரணங்கள். கிரியேட்டினின் 48 மணி நேரத்திற்குள் 0.3 மில்லிகிராம் அளவுக்கு உயர்வதும், சிறுநீர் அளவு குறைவதும் அதன் தொடக்க அடையாளங்கள். நேற்றைய எண்ணுடன் இன்றைய எண்ணை ஒப்பிட்டால்தான் இவ்வுயர்வு தெரியும். உடனிருந்து பேணுபவர் சிறுநீர் அளவைச் சரியாகக் குறித்துவைப்பது, மருத்துவருக்குப் பெரிய உதவியாகும்.

அவரால் இயலாதவை

பிரைட்டின் அறிவு நோயைக் கண்டறிந்தது. ஆனால் அதனைக் குணப்படுத்தும் வழி அவரிடம் இருக்கவில்லை. இரத்தம் வடித்தல், பேதி மருந்து, வெந்நீர்க் குளியல், எளிய உணவு, ஓய்வு ஆகியவையே அக்கால மருத்துவம். குளிரும் மிதமிஞ்சிய மதுவும் இந்நோயின் முக்கியக் காரணங்கள் என அவர் கருதினார். குளிரைப் பற்றிய அக்கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. செங்காய்ச்சலுக்குப் பின் குழந்தைகளுக்கு இந்நோய் வருவதை அவர் குறிப்பிட்டது சரியான கவனிப்பாகும். தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ ஆறிய ஓரிரு வாரங்களில் குழந்தையின் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இன்றும் பொருந்தும் அறிவுரை.

இன்னொரு குறையும் இருந்தது. சிறுநீரகத்தின் உண்மை நிலையை நோயாளி இறந்தபின்னரே அவரால் கண்ணால் காண முடிந்தது. அவர் தந்த விடை அந்த நோயாளிக்குப் பயன்படவில்லை. அடுத்து வந்தவர்களுக்கே பயன்பட்டது. இன்று அந்நிலை மாறியுள்ளது. மீயொலி ஸ்கேன் சிறுநீரகத்தின் அளவையும் அடைப்பையும் கல்லையும் வலியின்றிக் காட்டுகிறது. சுருங்கிய சிறுநீரகம் நோய் நாட்பட்டது என்பதைக் குறிக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த இவர்சன், புருன் ஆகியோர் 1951இல் வெளியிட்ட முறையைத் தொடர்ந்து, ஊசியின் மூலம் சிறு திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பயாப்சி பரவலாயிற்று. பிரைட் நோய் என்ற ஒரே பெயர், பல தனித்தனி நோய்களாகப் பிரிந்ததற்கு இப்பரிசோதனையும் ஒரு காரணம். இது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. புரதக் கசிவு மிகுதியாக இருந்தாலோ, காரணம் விளங்காமல் சிறுநீரகம் விரைந்து செயலிழந்தாலோ மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பார். பின்னர் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும் என்பதால், சில மணி நேரம் படுக்கையில் வைத்துக் கண்காணிப்பர். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை நீங்கள் உட்கொண்டால், அதனை முன்கூட்டியே தெரிவிப்பது மிக இன்றியமையாதது.

நீங்கள் செய்யக்கூடியவை

சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர் அல்புமின், இரத்தக் கிரியேட்டினின் ஆகிய இரண்டையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீக்கம் தோன்றும் வரை காத்திருக்க வேண்டா.

சிறுநீர் தொடர்ந்து நுரைத்து வந்தாலோ, நிறம் சிவந்தாலோ, அளவு குறைந்தாலோ, காலையில் கண்ணிமைகள் வீங்கினாலோ மருத்துவரை அணுகுங்கள்.

வலிநிவாரண மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நாட்கணக்கில் உட்கொள்ளாதீர்கள். உட்பொருள் இன்னதென்று தெரியாத மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய எண் ஒன்றின் பொருள், பழைய எண்ணுடன் ஒப்பிடும்போதுதான் தெளிவாகும்.

இறுதிக் காலம்

பிரைட் 1837இல் விக்டோரியா அரசியாரின் மருத்துவர்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். கைஸ் மருத்துவமனையில் அவருடன் பணியாற்றிய தாமஸ் அடிசன், தாமஸ் ஹாட்ஜ்கின் ஆகியோரின் பெயர்களும் அவர்கள் விளக்கிய நோய்களின் பெயர்களாக இன்றும் நிலைத்துள்ளன. 1858ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், தமது 69ஆம் அகவையில், இதய அடைப்பிதழ் நோயால் பிரைட் லண்டனில் காலமானார்.

அவர் கூடங்களில் படுத்திருந்தோருள் பலருக்கு, நோயின் பெயர் தெரிந்தும் பிழைக்க வழி இருக்கவில்லை. இன்று புரதக் கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, கசிவைக் குறைக்கும் மருந்துகளைத் தந்து, டயாலிசிஸ் தேவைப்படும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கவும் பலருக்கு அதனைத் தவிர்க்கவும் இயலும். ஆகவே அடுத்த முறை செவிலியர் அந்தச் சிறிய குப்பியைக் கொடுக்கும்போது தயங்காமல் மாதிரி தாருங்கள். முடிவு என்ன என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.